நூறாவது டைவ்: விழுப்புரம், திண்டிவனத்துக்காரர்களுக்கு

விழுப்புரத்திலிருந்தும் சரி, திண்டிவனத்திலிருந்தும் சரி, புதுச்சேரிக் கடல் ஏறக்குறைய 40 கி.மீ.தான். வளவனூர், கண்டமங்கலம் வழியாகவோ கிளியனூர் வழியாகவோ விடியற்காலையில் வண்டியை எடுத்தால் ஒரு மணி நேரத்தில் படகருகே நிற்கலாம். மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை விழுப்புரம் மாவட்டத்துக்கே சொந்தக் கடற்கரை உண்டு. ஆனாலும் ஸ்கூபா என்றதும் பலருக்கு அந்தமான் விமான டிக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் பழக்கமாக இதை வைத்துக்கொள்ள முடியும். அப்படிப் பழகியவர்களுக்குத்தான் நூறு எட்டும்.

நூறாவது டைவ் என்பது உலகெங்கும் பொழுதுபோக்கு டைவர்கள் கொண்டாடும் எண். எஸ்எஸ்ஐ என்ற பயிற்சி அமைப்பு அதற்கு ‘செஞ்சுரி டைவர்’ என்று பெயரிட்டு அங்கீகாரமும் தருகிறது. படகில் கேக், நீருக்கடியில் ‘100’ எழுதிய பதாகை, அதைப் பிடித்தபடி ஒரு படம் என்று அந்த நாள் கழியும். அந்த நாள்வரை போகும் வழியும், அந்த நாளை நடத்தும் முறையும் இந்த அத்தியாயத்தில் உள்ளன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: மைல்கல் எண்ணிக்கையில் இருக்கட்டும், ஆழத்தில் வேண்டாம்.

கிணற்றில் கற்ற நீச்சல் எவ்வளவு உதவும்?

இந்தப் பக்கத்தில் நீச்சல் என்றால் பலருக்கும் பாசனக் கிணறுதான். மோட்டார் கொட்டகை மேலிருந்து குதித்து, அடியில் போய் ஒரு பிடி மண் எடுத்து வந்தவர்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது. அது பெரிய மூலதனம். ஆனால் கிணறு கற்றுக்கொடுத்த மூன்று பழக்கங்களைக் கடலுக்கு வரும் முன்பே விட்டாக வேண்டும்.

முதலாவது, மூச்சடக்குவது. கிணற்றில் குதிப்பவர் மேலே இழுத்த காற்றோடு கீழே போய், அதே காற்றோடு மேலே வருகிறார். அதனால் நுரையீரலுக்குக் கேடில்லை. முதுகில் கட்டும் காற்று டேங்க் கதை வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கியபடி எழும்பினால் விரியும் காற்றுக்குப் போக இடமில்லை, நுரையீரல் கிழியும். ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவான ஆழத்திலிருந்து எழும்பினாலே இந்த ஆபத்து உண்டு. ஸ்கூபாவின் முதல் விதி இதுதான்: மூச்சு ஒரு கணமும் நிற்கக் கூடாது. டேங்க் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் நழுவிவிட்டால்கூட, சிறு குமிழிகளாக ‘ஆ’ என்று காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது, காதுவலியைப் பொறுத்துக்கொள்வது. மண்ணெடுக்கப் போகிறவர் காது ‘விண்’ணென்று தெறித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவார். டைவிங்கில் வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைத் திறக்க வேண்டும். திறக்கவில்லையா? ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள். பலமாக ஊதுவது செவிப்பறைக்கும் உட்காதுக்கும் கெடுதல்.

மூன்றாவது, தூரம். எந்தக் கிணறும் யாரையும் 200 மீட்டர் தொடர்ந்து நீந்த வைக்காது. இன்னொரு பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) முதல்நிலை ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சியில் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். இல்லையென்றால் மாஸ்க், ஸ்நார்க்கல், ஃபின் போட்டுக்கொண்டு 300 மீட்டர். வேகம் கணக்கில்லை. பிறகு 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். நீச்சல் குளத்தில் ஒரு மாதம் பழகினால் இது வந்துவிடும்.

*எச்சரிக்கை:* யாரிடமாவது சிலிண்டரை இரவல் வாங்கிக் கிணற்றிலோ கல்குவாரிக் குட்டையிலோ தனியாக ‘டிரையல்’ பார்ப்பது உயிரோடு விளையாடுவது. பயிற்றுநர் இல்லாமல் டேங்கைத் தொட வேண்டாம்.

படிவத்தில் பொய் வேண்டாம்

பயிற்சிக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை, நீரிழிவு என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். எதற்கேனும் ‘ஆம்’ என்றால் மருத்துவர் கையெழுத்து தேவைப்படும். கட்டிய பணம் வீணாகிவிடுமே என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடுகிறவர்கள் உண்டு. படிவத்தை வீட்டிலிருந்தே முன்கூட்டிக் கேட்டு வாங்கி, ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போனால் அந்த நெருக்கடியே வராது.

ஒன்றிலிருந்து நூறுவரை

1. ஓப்பன் வாட்டர் சான்றிதழ். கொஞ்சம் பாடம், குளப் பயிற்சி, கடலில் 4 டைவ். குறைந்தபட்ச வயது 10. 15 நிறைந்தவர்களுக்கு முழுச் சான்றிதழ். அனுமதி 18 மீட்டர் வரை. சுற்றுலாக் கடைகளில் கையைப் பிடித்து ஒருமுறை அழைத்துப்போவது அனுபவ டைவ் மட்டும். அது சான்றிதழ் ஆகாது.

2. 5 முதல் 20 வரை. ஒரே இடத்தில், ஒரே பயிற்றுநருடன், 18 மீட்டருக்குள். இந்தக் கட்டத்தில் கற்க வேண்டியது மிதவைச் சமநிலை ஒன்றுதான்: மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல், மூச்சாலேயே உடம்பை நிறுத்துவது. புதுச்சேரிக்கு அப்பால் மணல் தரையில், கான்கிரீட், இரும்புக் கம்பி, மரம் எல்லாம் போட்டு உருவாக்கிய ‘டெம்பிள் ரீஃப்’ என்ற செயற்கைப் பார் சுமார் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பழகுபவர்களுக்கு நல்ல இடம். மீனவர்கள் பார் என்று சொல்லும் இடமெல்லாம் மீன் கூடும் இடம். கலவாவும் சங்கராவும் கண் முன்னே நிற்கும்போது சமநிலை தவறாமல் இருப்பதுதான் பயிற்சி.

3. 20-க்கு மேல். அட்வான்ஸ்டு பயிற்சி: 5 டைவ், 30 மீட்டர் வரை அனுமதி. திசைகாட்டி பார்த்து நீந்துவது இதில் வரும். புதுச்சேரியில் தண்ணீர் கலங்கும் நாட்களில் இது கைகொடுக்கும்.

4. 40-ஐ ஒட்டி. ரெஸ்க்யூ பயிற்சி. தன் பதற்றத்தையும் பக்கத்திலிருப்பவர் பதற்றத்தையும் கண்டுபிடிக்கக் கற்பது இங்கேதான். நூறைத் தொட நினைப்பவர் செலவைப் பார்த்து மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

5. 50 முதல் 99 வரை. வேறு கடல்களைப் பாருங்கள். முருதேஸ்வரை ஒட்டிய நேத்ராணி தீவு, அந்தமானின் ஹேவ்லாக் எனப்படும் சுவராஜ் தீவு, இலங்கையில் பாசிக்குடா. பாசிக்குடாக் கடலில், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘பிரிட்டிஷ் சார்ஜென்ட்’ கப்பல் பொழுதுபோக்கு டைவர்கள் எட்டும் ஆழத்தில் கிடக்கிறது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹெர்மிஸ்’ 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். எனவே ஹெர்மிஸைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஒரு படகுப் பயணத்தில் வழக்கமாக 2 டைவ். மாதத்தில் இரண்டு ஞாயிறு, கடல் ஒத்துழைக்கும் 6 மாதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 24. நான்காண்டில் ஏறத்தாழ நூறு. அந்தமானுக்கு ஒரு வாரம் போனால் இன்னும் சீக்கிரம். ஒரே நாளில் நான்கு, ஐந்து என்று திணித்து எண்ணை உயர்த்துவதில் பயனில்லை. உடம்பில் நைட்ரஜன் சேர்வதுதான் மிச்சம்.

*குறிப்பு:* குளத்தில் செய்தது கணக்கில் வராது. பொதுவாக, 5 மீட்டர் ஆழமாவது இறங்கி 20 நிமிடமாவது இருந்ததையே ஒரு டைவ் என்று எழுதுவார்கள்.

நாளைக் கடல் குறிக்கட்டும்

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் நம்பகமான மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை, வாடைக் காற்று, புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட மழைக்குப் பின் வானம் வெளுத்தாலும் கடல் உடனே தெளியாது. செஞ்சிப் பக்கம் பெய்ததெல்லாம் சங்கராபரணி ஆற்றோடு சேறாகப் புதுச்சேரிக் கடலில்தான் வந்து விழும். புயல் ஓய்ந்த அடுத்த ஞாயிறே படகேற வேண்டும் என்று துடிப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிறந்தநாள், திருமண நாள் என்று தேதியை முன்பே குறித்து, உறவினரையும் அழைத்துவிட்டு, பிறகு கடல் கொந்தளித்தாலும் இறங்குவது இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. 2021 பிப்ரவரி 1 அன்று சென்னை நீலாங்கரைக்கு அப்பால் சுமார் 60 அடி ஆழத்தில் ஒரு ஜோடி மாலை மாற்றிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். மணமகன் ஏற்கெனவே உரிமம் பெற்ற டைவர். மணமகள் அதற்காகவே பயிற்சி எடுத்தார். முகூர்த்தம் பார்த்துச் செய்த அந்தத் திருமணமே கடல் அமைதியாவதற்குக் காத்திருந்துதான் நடந்தது. நூறாவது டைவுக்கும் ஒரு தேதிக்குப் பதில் மூன்று தேதிகளைக் குறித்து வையுங்கள்.

முதல் நாள் இரவு

மது வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை மாலையே புதுச்சேரி போய்த் தங்கி, கடைக்குப் போய்விட்டுக் காலையில் படகேறுபவர்கள் உண்டு. மது உடம்பின் நீரை வற்ற வைக்கும். நீர் குறைந்த உடம்பில் நைட்ரஜன் குமிழிகள் தொல்லை தர வாய்ப்பு கூடும். சளி இருந்தால் பயணத்தையே ரத்து செய்யுங்கள். மூக்கடைப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்கினால், அதன் வேகம் ஆழத்தில் தீர்ந்துபோய், மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

காலையில் இரண்டு இட்லி, நிறைய தண்ணீர். பூரியும் வடையும் கரைக்கு வந்தபிறகு.

தலையில் தேங்காய் எண்ணெய் தடவினால் மாஸ்க் பட்டை வழுக்கும். மீசைக்காரர்களுக்கு மாஸ்க்கில் தண்ணீர் கசிவது தீராத தொல்லை. மூக்குக்கு நேர் கீழே மெல்லிய கோடு மட்டும் மழித்தால் ரப்பர் தோலோடு ஒட்டும். வாசலைன் வேண்டாம், அது மாஸ்க்கைக் கெடுத்துவிடும்.

அந்த நாள்: படகில்

நூறாவது டைவில் எதுவும் புதிதாக இருக்கக் கூடாது. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கணினியும் கேமராவும் முன்பே பழகியவையாக, இடம் தெரிந்த இடமாக, ஆழம் ஏற்கெனவே பலமுறை போனதாக இருக்க வேண்டும். இறங்குமுன் ஜோடி டைவரோடு இந்தச் சோதனை:

1. மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றி, இறக்கிப் பாருங்கள். பொத்தான் சிக்கிக்கொள்கிறதா?
2. எடைப் பட்டை சரியாக இருக்கிறதா? அவசரத்தில் ஒரே இழுப்பில் கழலுமா?
3. எல்லா வார்களும் பூட்டியிருக்கின்றனவா? ஜோடியின் வார்களை எப்படிக் கழற்றுவது என்று தெரியுமா?
4. காற்று. இதற்கு மட்டும் நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். அழுத்தமானியைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு, ரெகுலேட்டரில் நாலைந்து மூச்சு பலமாக இழுங்கள். முள் அசையாமல் 200 பார் (அழுத்த அலகு) என்ற இடத்தில் நின்றால் சரி. ஒவ்வொரு இழுப்புக்கும் முள் சரிந்து, பின் ஏறினால் டேங்க் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள். படகில் இருக்கும்வரை காற்று வருவது போலவே இருக்கும். ஆழத்தில் போனதும் திணறடிக்கும். காற்றில் எண்ணெய் நெடியோ புகை நெடியோ இருந்தால் அந்த டேங்க் வேண்டாம்.
5. மாஸ்க், ஃபின், கணினி, மேலே வரும்போது விடும் மிதவைக் குழாய்: கடைசியாக ஒரு பார்வை.

படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா, கடைசியாக எப்போது நிரப்பினார்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

நீருக்குள்

18 மீட்டரில், முதல் டைவுக்கு, பாடி அட்டவணை தரும் அதிகபட்ச நேரம் 56 நிமிடம். 30 மீட்டரில் 20 நிமிடம்தான். பெரும்பாலானவர்களுக்கு அந்த நேரம் முடியும் முன்பே காற்று குறைந்துவிடும். 200 பாரில் இறங்கினால் 120-ஐ ஒட்டித் திரும்பத் தொடங்கி, 70-க்குள் மேலேறத் தொடங்கி, 50 பாரோடு படகுக்கு வருவது நல்ல கணக்கு.

பதாகைப் படம் எடுப்பதை டைவின் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். பலரும் கடைசிக்கு வைத்து, காற்று குறைந்த நேரத்தில் ஆளுக்கொரு படம் என்று இழுப்பார்கள். பதாகை துணியாக இருக்கட்டும், ஒரு கயிற்றால் சட்டையோடு கட்டியிருக்கட்டும். பிளாஸ்டிக் தாளும் பலூனும் வேண்டாம். படத்துக்காகக் கடலடிப் பாரின் மேல் முழங்காலிட்டு நிற்கவும் கூடாது. அங்கே சிங்க மீனும் கல்மீனும் இருக்கும். இரண்டின் முள்ளும் விஷம். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அறுந்த வலையைக் கண்டால் விலகிப் போங்கள். சிக்கிக்கொண்டால் சுழலாதீர்கள், அசையாமல் நின்று ஜோடியைக் கூப்பிடுங்கள்.

மேலேறுவது

1. ஜோடிக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, அவரும் காட்டிய பிறகு கிளம்புங்கள்.
2. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். சட்டையிலுள்ள காற்று விரிந்துகொண்டே வரும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுங்கள்.
3. 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். கொண்டாட்ட நாளில் இதைத்தான் சுருக்கிவிடுவார்கள்.
4. மிதவைக் குழாயை விட்டு, தலைக்கு மேல் படகு இல்லை என்று உறுதி செய்து, சுற்றிப் பார்த்தபடி எழும்புங்கள். இங்கே மீன்பிடிப் படகுகள் எந்தத் திசையிலிருந்தும் வரும்.

ஆழத்தைச் சாதனையாக நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். பிரிட்டனைச் சேர்ந்த ரே வூலி, 2018-இல் தம் 95-ஆம் வயதில் சைப்ரஸ் கடலில் ‘செனோபியா’ என்ற மூழ்கிய கப்பலுக்கு 40.6 மீட்டர் ஆழம்வரை போய், 44 நிமிடம் நீருக்கடியில் இருந்து உலக சாதனை படைத்தார். அவர் டைவிங் கற்றது 1960-இல். ஏறத்தாழ அறுபது ஆண்டு தண்ணீரில் இருந்த மனிதர் அவர். நூறு டைவ் முடித்தவருக்கு அந்த ஆழம் வழிகாட்டி ஆகாது. அந்த நிதானம் ஆகலாம்.

கரைக்கு வந்தபின் 24 மணி நேரம்

அன்று இரண்டு டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம் விமானம் கூடாது. ஞாயிறு பகல் 11.30-க்குக் கடலை விட்டு வெளியே வந்தவர், திங்கள் காலை 5.30-க்கு முன் சென்னையில் விமானம் ஏறக் கூடாது. மலைக்கும் இதே கணக்கு. 1,500 மீட்டர் உயர ஏற்காட்டுக்கு அன்று மாலையே குடும்பத்தோடு காரில் கிளம்புவது விமானம் ஏறுவதைப் போன்றதே. கல்வராயன் மலைக்கும் இதையே கடைப்பிடியுங்கள். செஞ்சிக் கோட்டை அவ்வளவு உயரமில்லை. ஆனால் ராஜகிரிப் படிகளில் மூச்சு வாங்க ஏறுவது கடும் உழைப்பு, அதுவும் மறுநாளைக்கு மேல் இருக்கட்டும்.

தோள், முழங்கை, முழங்கால் வலி, மரத்துப்போதல், ஊசி குத்தும் உணர்வு, தலைச்சுற்றல், காரணமில்லாத அசதி. இவை டைவுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் வந்தால், நைட்ரஜன் குமிழிகளால் வரும் அழுத்தநீக்க நோயாக இருக்கலாம். ஊரில் இதை வாயுப் பிடிப்பு என்று சொல்லித் தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிடுவார்கள். அதில்தான் நேரம் போய்விடுகிறது. செய்ய வேண்டியவை:

1. படுக்க வைத்து 100% ஆக்சிஜன் கொடுங்கள். மீண்டும் தண்ணீருக்குள் இறக்கிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது.
2. 108-ஐக் கூப்பிடுங்கள். புதுச்சேரியில் ஜிப்மர், வீட்டுக்கு வந்தபின் என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.
3. மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: “இத்தனை மணிக்கு, இத்தனை மீட்டர் ஸ்கூபா டைவ் செய்தேன்.” கணினியையும் கையோடு கொண்டுபோங்கள்.
4. டைவ் கடையின் அவசர எண்ணுக்குப் பேசி, இந்த நோய்க்குச் சிகிச்சை தரும், செயல்படும் அழுத்த அறை அருகில் எங்கே என்று கேளுங்கள். பயணத்துக்கு முன்பே கேட்டு எழுதி வைத்திருப்பது இன்னும் நல்லது.

லாக்புக்

அன்று மாலையே எழுதுங்கள். தேதி, இடம், அதிகபட்ச ஆழம், மொத்த நேரம், தொடக்கக் காற்று, முடிவுக் காற்று, எடை எத்தனை கிலோ, தண்ணீர் எவ்வளவு தெளிவு, என்ன மீன், எங்கே தடுமாறினீர்கள் என்ற விவரங்கள் இருக்க வேண்டும். ஜோடியிடமோ பயிற்றுநரிடமோ கையெழுத்து வாங்குங்கள். நூறாவது பக்கத்தில் எழுதிய காற்றுக் கணக்கை இருபதாவது பக்கத்தோடு ஒப்பிட்டால் வளர்ச்சி தெரியும்: அதே ஆழம், அதே நேரம், மிச்சக் காற்று எவ்வளவு கூடியிருக்கிறது?

இதே லாக்புக்தான் அடுத்த கதவுக்கும் சாவி. டைவ்மாஸ்டர் பயிற்சியில் சேர, பதிவான 40 டைவும் ரெஸ்க்யூ சான்றிதழும் வேண்டும். முடித்துச் சான்றிதழ் பெற 60 டைவ். நூறைத் தொட்டவரிடம் இரண்டு எண்களும் ஏற்கெனவே இருக்கும். முதலுதவிப் பயிற்சி 24 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம்.